கோணலாக விழும் ஒளியை நேராக்கும் கேமரா

புரொஜெக்டரைச் சுவருக்கு நேர் எதிரே வைக்க முடியாதபோது அதிலிருந்து விழும் படம் செவ்வகமாக இருப்பதில்லை. கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்படி வைத்தால் மேல் விளிம்பை எட்டும் ஒளி அதிக தூரம் போகிறது, போகப்போக விரிகிறது. ஒளி மேலும் கீழுமாக 20 பாகை விரியும் ஒரு புரொஜெக்டரை 20 பாகை சாய்த்தால், மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிடச் சுமார் 14 சதவீதம் அகலமாகிவிடும். அடியில் 3 மீட்டர் என்றால் உச்சியில் 3.4 மீட்டர். அகலும் பக்கத்தில் வெளிச்சமும் மங்கும், ஏனென்றால் அதே ஒளி கூடுதல் பரப்பில் பரவுகிறது.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் இந்தச் சிக்கல் ஏட்டளவில் நிற்பதல்ல. பஜார் ரோட்டுப் பழைய சரக்குக் கிடங்குகள் சில, 2012இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே கலைக்காட்சியின்போது காட்சிக்கூடங்களாகின்றன. 2018இல் தொடங்கிய பினாலேயில் தென்னாப்பிரிக்கக் கலைஞர் வில்லியம் கென்ட்ரிஜின் ‘மோர் ஸ்வீட்லி ப்ளே தி டான்ஸ்’ இங்கே ஒரு கிடங்கில்தான் காட்டப்பட்டது. எட்டுக் காணொளிகள் பக்கம் பக்கமாக ஓட, ஊர்வலம் ஒன்று திரைவிட்டுத் திரை நகரும் படைப்பு அது. இப்படிப்பட்ட படைப்பில் ஒரு திரை சற்றே சாய்ந்தாலும், அதைக் கடக்கும் உருவத்தின் தலை எகிறும் அல்லது கால் தரைக்குள் புதையும். சரக்கு அடுக்கக் கட்டிய இடத்தில் தூணும் உத்தரமும் குறுக்கே நிற்க, புரொஜெக்டருக்கு நல்ல இடம் அமைவது அரிது.

நிவாரணம் தலைகீழான ஒன்று. படத்தை முன்கூட்டியே எதிர்த்திசையில் கோணலாக்கி அனுப்பினால் சுவரில் நேராக விழும். தட்டையான சுவருக்கு இதன் கணக்கு எளிது. புரொஜெக்டரின் சட்டத்துக்கும் சுவருக்கும் உள்ள உறவை எட்டே எண்கள் முழுமையாகச் சொல்லிவிடும்; ‘ஹோமோகிராபி’ என்பது அதன் பெயர். ஒரு புள்ளி எங்கிருந்து எங்கே போனது என்று தெரிந்தால் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கும். ஆகவே நான்கு புள்ளிகள் போதும். ரிமோட்டை அழுத்தி நான்கு மூலைகளையும் இழுத்துப் பொருத்துபவர் தம்மை அறியாமல் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்.

அந்த வேலையைக் கேமராவிடம் ஒப்படைக்கலாம் என்று ராகுல் சுக்தங்கரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2001இல் காட்டினார்கள். புரொஜெக்டர் தெரிந்த புள்ளிகளைச் சுவரில் வீசும். கேமரா அவற்றையும் திரையின் உண்மையான விளிம்பையும் சேர்த்துப் பார்க்கும். கேமராவே கோணலாக நின்றாலும் பரவாயில்லை. திரை விளிம்பு நேரான செவ்வகம் என்பது தெரியுமாதலால், கேமராவின் சாய்வு கணக்கில் கழிந்துவிடும். விளிம்பே இல்லாத வெறும் சுவரானால் எது கிடைமட்டம் என்று யார் சொல்வது? அதே ஆண்டில் ரமேஷ் ரஸ்கரும் பால் பியர்ட்ஸ்லியும் இதற்கு விடை தந்தார்கள்: கேமராவோடு சாய்வை அளக்கும் உணரி ஒன்றையும் புரொஜெக்டரில் பொருத்தினார்கள்.

காரை உப்பிய சுவர், வளைவு, சிற்பம் என்று வந்தால் எட்டு எண்கள் கைகொடுக்காது. புரொஜெக்டரின் ஒவ்வொரு பிக்சலும் எங்கே விழுகிறது என்று தனித்தனியாகத் தெரிந்தாக வேண்டும். 1920க்கு 1080 என்றால் இருபது லட்சம் பிக்சல்களுக்கு மேல். ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தால் நாள் கணக்கில் ஆகும். அதனால் கறுப்பும் வெளுப்புமான பட்டைகளை வீசுகிறார்கள். முதல் கோலத்தில் பாதித் திரை வெளிச்சம், பாதி இருட்டு; அடுத்தடுத்து பட்டைகள் மெலிந்துகொண்டே போகும். சுவரின் ஒரு புள்ளியில் வெளிச்சமும் இருட்டும் மாறிமாறி வந்த வரிசையே அங்கு விழும் பிக்சலின் முகவரி. நெடுவரிசைக்கு 11, கிடைவரிசைக்கு 11, ஆக 22 கோலங்களில் வேலை முடியும். பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரேயின் பெயர் தாங்கிய குறியீட்டில் அடுத்தடுத்த இரண்டு வரிசைகளின் முகவரி ஒரே ஓர் இடத்தில்தான் வேறுபடும். பட்டையின் ஓரத்தில் கேமரா தடுமாறினாலும் பிழை ஒரு வரிசையைத் தாண்டாது. கறைபடிந்த சுவரில் எது வெளிச்சம், எது வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு என்ற குழப்பம் வரும். ஒவ்வொரு கோலத்துக்கும் அதன் எதிர்க்கோலத்தையும் வீசி ஒப்பிட்டால் அது தீரும். கணக்கு 44 ஆகும், அவ்வளவே.

மேடுபள்ளமான பரப்பில் விழும் படம் ஓரிடத்தில் நின்று பார்ப்பவருக்கு மட்டுமே முழுக்கச் சரியாகத் தெரியும். கேமராவைப் பார்வையாளரின் கண் இருக்கப்போகும் இடத்தில் வைத்தால் முப்பரிமாணக் கணக்கு எதுவும் தேவையில்லை. கிடைத்த முகவரிப் பட்டியலே திருத்தமாகிவிடும். பார்ப்பவர்கள் நடமாடும் கூடத்தில் எந்த இடத்துக்குச் சாதகமாகத் திருத்துவது என்பதைக் கருவி முடிவு செய்யாது, காட்சியை அமைப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். பரப்பின் வடிவம் முன்பே தெரிந்திருந்தால் ஒளியை அதன் மேல் உடையாக உடுத்தவும் முடியும். 2001இல் ரஸ்கரின் குழு ‘ஷேடர் லாம்ப்ஸ்’ என்ற முறையில், தாஜ்மகாலின் வெள்ளை மாதிரி ஒன்றை ஒளியாலேயே வண்ணமும் நிழலும் கொண்டதாக்கியது.

வடிவம் சரியானாலும் நிறம் தனியாக மல்லுக்கு நிற்கும். சுவரின் கறை படத்தில் எட்டிப் பார்க்கும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ நாயர் குழு 2003இல் கேமராவைக் கொண்டே இதை ஈடுகட்டும் முறையைக் காட்டியது. ஆனால் புரொஜெக்டரால் ஒளியைக் கூட்டத்தான் முடியும், சுவரிலிருந்து உறிஞ்சி எடுக்க முடியாது. கரிய கறையை மறைக்க வேண்டுமானால் சுற்றியுள்ள பகுதியின் வெளிச்சத்தைக் குறைத்தாக வேண்டும்.

வடிவத் திருத்தத்துக்கும் விலை உண்டு. முதலில் சொன்ன 14 சதவீதக் கோணலைச் சரிசெய்தால், மேல் வரிசையின் 1920 பிக்சல்களில் சுமார் 1690தான் படத்தைத் தாங்கும். மற்றவை கறுப்பாக்கப்படும். புரொஜெக்டரின் கறுப்பு முழு இருட்டு அல்ல என்பதால், இருண்ட கூடத்தில் படத்தின் இருபுறமும் சாம்பல் நிற ஆப்புகள் தெரியும். சிறிய எழுத்துகளின் கூர்மையும் மழுங்கும். ஆகவே முடிந்தவரை புரொஜெக்டரை நேராக மாட்டுவது, லென்ஸையே நகர்த்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துவது, மிச்சக் கோணலை மட்டும் மென்பொருளிடம் விடுவது என்ற வரிசைதான் நல்லது. மாதக்கணக்கில் நடக்கும் காட்சியானால் கேமராவைக் கழற்றாமல் விட்டுவைக்கலாம். தாங்கி சற்று நகர்ந்தாலும் மறுநாள் திறப்பதற்குமுன் பட்டைகளை ஒருமுறை ஓடவிட்டுப் புதிய பட்டியல் எடுத்துக்கொள்ளலாம்.