கூலி பேசாத வேலையும் கொடுபடாத பணமும்



ஒரு முதலாளியிடம் மாதச் சம்பளத்துக்கு இராமல், வேலைக்கு வேலை ஆள் மாறி உழைத்துப் பிழைப்போர் எமது பகுதியில் ஏராளம். மேசன், ஓடாவி, தையற்காரர், வயரிங் செய்பவர், கட்டுக்கரைக்குளத்து வயல்களில் உழவு இயந்திரம் ஓட்டுபவர் என அந்த வரிசை நீளும். வீட்டில் இருந்தவாறே கணினியில் வெளிநாட்டாருக்கு வேலை செய்து கொடுக்கும் இளைஞர்களும் இப்போது அதில் சேர்ந்துள்ளனர். இவர்களுக்கு நிலையான சம்பளமும் இல்லை, சேமலாப நிதியும் இல்லை. வேலை கொடுத்தவர் கையை விரித்துவிட்டால் அன்றைய அடுப்பு எரியாது.

பிணக்குகளில் பெரும்பாலானவை வேலை முடிந்த பின் பிறப்பதில்லை. வேலை தொடங்கும் நாளிலேயே அவற்றின் வித்து விழுந்துவிடுகின்றது. "எவ்வளவு தர வேண்டும்?" என்று கேட்டால், "நம்ம ஆள்தானே, பார்த்துத் தாங்க" என்று பதில் சொல்கின்றோம். விலை பேசுவதை வெட்கமாகக் கருதுகின்றோம்.

இந்த வெட்கத்தின் விலை என்னவென்பதை அறபு மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஒரு நூல் மிகத் தெளிவாகக் காட்டுகின்றது. ஹிஜ்ரி 676 இல் (கி.பி. 1277) வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' என்ற ஷாபிஈ மத்ஹபு நூலே அது. ஒருவர் தையற்காரரிடம் துணியைக் கொடுக்கின்றார், அவரும் தைத்துக் கொடுக்கின்றார், கூலி பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. இந்நிலையில் தையற்காரருக்குக் கூலி இல்லை என்பதையே இமாமவர்கள் முதலாவது சட்டமாகக் குறிப்பிடுகின்றார்கள். தனது உழைப்பை அவர் தாமாகவே இலவசமாக வழங்கிவிட்டார் என்பது அதற்கான விளக்கம். அத்தொழிலைக் கூலிக்குச் செய்பவர் என அறியப்பட்டவராயின் அவருக்குக் கூலி உண்டு என்ற மற்றொரு கருத்தையும் அதே இடத்தில் எடுத்துக்கூறி, அதனை நல்லதெனக் கருதவும் இடமுண்டு என்கின்றார்கள். வேலை கொடுத்தவர் "உன்னைத் திருப்திப்படுத்துவேன்" என்பது போல் ஒரு சொல் சொல்லியிருந்தால், அவ்வேலைக்கு ஊரில் வழங்கும் கூலியைக் கொடுத்தாக வேண்டும் என விளக்கவுரைகள் கூறுகின்றன. ஆகவே, முதலாவது சட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஏழைத் தையற்காரரின் கூலியை மறுக்க எவரும் முன்வர வேண்டாம்!

அதே நூலில் இன்னொரு வழக்கும் உண்டு. தைத்து முடித்த ஆடையைப் பார்த்து உரிமையாளர், "நான் சட்டை தைக்கச் சொன்னேன்" என்கின்றார். "இல்லை, நீங்கள் மேலங்கிதான் தைக்கச் சொன்னீர்கள்" என்கின்றார் தையற்காரர். இருவரிடமும் சாட்சி இல்லை. மிக வெளிப்படையான கருத்தின்படி, சத்தியத்தின் மீது உரிமையாளரின் சொல்லே ஏற்கப்படும். தையற்காரருக்குக் கூலி கிடையாது. மேலும், துணிக்கு ஏற்பட்ட பெறுமதிக் குறைவையும் அவரே ஈடுசெய்ய வேண்டும். "நான் கேட்டது இதுவல்ல" என்று சொல்லும் வாடிக்கையாளர் அன்றும் இருந்தார், இன்றும் இருக்கின்றார். கையில் எழுத்து இல்லாத தொழிலாளிதான் அன்றும் இன்றும் நட்டப்படுகின்றார்.

எழுதுவதைப் பற்றி ஸூறதுல் பகறாவின் 282 ஆம் வசனம் விரிவாகப் பேசுகின்றது. அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலைப் பற்றியதாக அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் தவணையுடன் எழுதிக்கொள்வதில் சோர்வடைய வேண்டாம் என அது பணிக்கின்றது. எழுதும்போது வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கொடுக்கக் கடமைப்பட்டவரே என்றும் கூறுகின்றது. இந்த நுணுக்கத்தை நாம் கவனிப்பதில்லை. மேசன் தனது கொப்பியில் தாமே எழுதி வைத்திருக்கும் கணக்கை விட, வீட்டுக்காரர் தமது கையால் எழுதி ஒப்பமிட்ட நான்கு வரி வலுவானது. என்ன வேலை, எந்த அளவு, பொருள் வாங்குவது யார், மொத்தம் எவ்வளவு, எப்போது எவ்வளவு என்பன அதில் இருந்தால் போதும். 2022 இல் சீமெந்தின் விலை சில மாதங்களில் இருமடங்கைத் தாண்டியபோது, பொருளோடு சேர்த்துக் கொந்தராத்துப் பேசியவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். தொலைபேசியில் அனுப்பிய செய்தியையும் அழித்துவிட வேண்டாம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அத்தகைய பதிவுகளுக்கும் சட்ட அந்தஸ்து வழங்குகின்றது.

பணத்தைக் கட்டம் கட்டமாகப் பெறுவது மற்றொரு பாதுகாப்பாகும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்கள், 2009 இல் யுத்தம் முடிந்த பின் திரும்பி வந்து வீடு கட்டிய காலத்தை நினைத்துப் பாருங்கள். 2012 இல் பயனாளிகளே கட்டும் முறையில் விரிவாக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தில், புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபாய் பயனாளியின் வங்கிக் கணக்குக்குத் தவணைகளாக வந்தது. வேலை முன்னேறினால்தான் அடுத்த தவணை. உதவி வழங்கியவர்கள் தமது பணத்தைக் காத்துக்கொண்ட அதே முறையைத் தொழிலாளியும் கையாளலாம். அத்திவாரம் முடிந்ததும் ஒரு பகுதி, லிண்டல் மட்டத்தில் ஒரு பகுதி, கூரை ஏறியதும் ஒரு பகுதி எனப் பேசிக்கொண்டால், நட்டம் வந்தாலும் ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். கடல் கடந்த வாடிக்கையாளரை எந்த நீதிமன்றத்துக்கும் இலகுவில் அழைக்க முடியாத கணினித் தொழிலாளிக்கு இது இன்னும் அவசியம். அதேவேளை, முற்பணத்தை வாங்கிக்கொண்டு வேறு ஊர் வேலைக்குப் போய்விடும் மேசன்மாரும் எம்மில் உள்ளனர். அவர்கள் கையில் இருப்பது அடுத்தவரின் பணம்!

இத்தனைக்குப் பிறகும் பணம் வராவிட்டால் என்ன செய்வது? முதலில், தராதவர் யார் என்று பார்க்க வேண்டும். விளைச்சல் பொய்த்துப்போன விவசாயி வேறு, வங்கியில் பணத்தை வைத்துக்கொண்டு "நாளை வா" என்பவர் வேறு. முன்னவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு ஸூறதுல் பகறாவின் 280 ஆம் வசனம் சொல்கின்றது. பின்னவரின் இழுத்தடிப்பு அநியாயம் என நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ளது. இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுத்தி, "பாவம், விட்டுக்கொடுங்கள்" என்று தொழிலாளிக்கு மட்டும் உபதேசம் செய்வது நீதியல்ல.

சமாதானம் செய்வோர் கஅப் பின் மாலிக் (ரழி) அவர்களின் சம்பவத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். இப்னு அபீ ஹத்ரத் (ரழி) தமக்குத் தர வேண்டிய கடனை அவர்கள் பள்ளிவாசலில் வைத்துக் கேட்டபோது இருவரின் குரலும் உயர்ந்தது. நபி (ஸல்) அவர்கள் தமது அறையின் திரையை விலக்கி, பாதியைத் தள்ளிவிடுமாறு கஅபுக்குச் சைகை செய்தார்கள். அவரும் உடனே இணங்கினார். பலர் இத்துடன் கதையை நிறுத்திவிடுகின்றனர். ஆனால் நபியவர்கள் மற்றவரை நோக்கி, எழுந்து சென்று மீதியைக் கொடுத்துவிடுமாறு பணித்தார்கள். பாதியைத் தள்ளச் சொல்லிவிட்டு மீதிப் பாதிக்கு நாள் குறிக்காத பஞ்சாயத்து, தொழிலாளியை இரண்டு முறை ஏமாற்றுகின்றது.

பள்ளி நிர்வாகத்தாலும் தீராவிட்டால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் மத்தியஸ்த சபை உண்டு. இணக்கசபை என்று எமது மக்கள் அழைப்பது இதனையே. அங்கு சட்டத்தரணி தோன்ற முடியாது, இரு தரப்பினரும் தாமே பேசலாம். சட்டம் குறிப்பிடும் தொகைக்கு உட்பட்ட பணப் பிணக்காயின், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழை அச்சபையிடம் பெறாமல் பொதுவாக வழக்குத் தொடர முடியாது.

ஆனால் காலத்தைக் கவனியுங்கள். வழக்குத் தொடரும் கால எல்லையைக் கூறும் 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு, செய்த வேலைக்கான பணத்துக்கும் கைவினைஞர், கூலியாட்களின் கூலிக்கும் ஓராண்டை மாத்திரமே தருகின்றது. எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு 6 ஆம் பிரிவின்படி ஆறு ஆண்டுகள் உண்டு. "அடுத்த அறுவடைக்குத் தருகிறேன்" என்ற சொல்லை நம்பி இரண்டு போகங்கள் காத்திருப்பவர், இந்த ஓராண்டு தமது கணக்கில் எந்த நாளில் முடிகின்றது என்பதைக் கலண்டரில் இன்றே குறித்துக்கொள்ளட்டும்.