சாரலுக்கு ஆகாத கல்

கீழப்பாவூரிலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவர் எழுதியிருக்கிறார். ‘கொச்சிப் பக்கம் கப்பல் கவிழ்ந்தப்ப, கார்பைட் பெட்டி கரை ஒதுங்கினா கிட்டப் போகாதீங்கன்னு டிவியில சொன்னாங்க. அதே கல்லை ஏத்திக்கிட்டு ஒரு வண்டி நம்ம பாவூர்சத்திரம் ரோட்டுல கவிழ்ந்தா, ஃபயர் சர்வீஸ் வந்து தண்ணிதானே சார் அடிப்பாங்க?’

அடிக்கக் கூடாது. கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் ஏன் கூடாது என்று சொல்லப் புகுந்தால், நம் பக்கத்துக்கென்றே எழுதி வைத்ததுபோல ஒரு வேடிக்கை அதற்குள் இருக்கிறது.

அவர் சொல்லும் கப்பல் எம்.எஸ்.சி. எல்சா 3. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்டு, 2025 மே 24 அன்று ஒருபக்கம் சாய்ந்து, மறுநாள் மூழ்கிப்போனது. அதிலிருந்த 24 பேரும் பிழைத்தார்கள். ஏற்றியிருந்த 640 கன்டெய்னர்களில் 12-ல் கால்சியம் கார்பைடு இருந்தது. கன்டெய்னர்கள் ஆலப்புழை, கொல்லம் கரைகளில் ஒதுங்கின. 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள், 112-க்குப் போன் போடுங்கள் என்று கேரள அரசு எச்சரித்தது. கொல்லம் நமக்கு என்ன தூரம்? செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக் கணவாயில் இறங்கினால் அந்த ரோடு போய் முடிவதே கொல்லத்தில்தான்.

கார்பைட் கல் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் வெல்டிங் பட்டறையில் பார்த்திருப்பீர்கள்; மாம்பழக் கூடையின் அடியில் பொட்டலமாகவும் பார்த்திருப்பீர்கள். 1892-ல் தாமஸ் வில்சன் என்ற கனடாக்காரர், அமெரிக்காவின் வட கரோலினாவில் அலுமினியம் தயாரிக்கும் முயற்சியில் மின் உலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கிடைத்த சரக்கு இது. சுண்ணாம்பும் கரியும் 2,000 டிகிரிச் சூட்டில் ஒன்றாக வெந்தால் கார்பைட். அதன்மேல் தண்ணீர் பட்டால் சுண்ணாம்பு சுண்ணாம்பாகிவிடும். கரி அசிட்டிலீன் வாயுவாகக் கிளம்பிவிடும். கிலோவுக்கு ஏறத்தாழ 300 லிட்டர் வாயு.

சமையல் கேஸ் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கிலிருந்து ஒன்பது பங்கு வரை கலந்திருந்தால்தான் பற்றும். அதற்குக் கீழே போனாலும் மேலே போனாலும் பற்றாது. அசிட்டிலீனுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் இல்லை. இரண்டரைப் பங்கில் தொடங்கி எண்பது வரை, எந்தக் கலவையிலும் பற்றிக்கொள்ளும். சுத்த அசிட்டிலீனுக்கு வாடை கிடையாது. கல்லில் கலந்திருக்கும் அழுக்கிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவும் கொஞ்சம் வருவதால்தான் பூண்டு வாடை அடிக்கிறது. ராத்திரி நேரத்தில் கவிழ்ந்து கிடக்கும் லாரிப் பக்கம் பூண்டு வாடை வந்தால் அங்கே பீடி பற்றவைக்கக் கூடாது.

இனி அந்த வேடிக்கைக்கு வருகிறேன். ஒரு கிலோ கார்பைட் முழுவதும் கரைய எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கணக்குப்படி அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவே. ஆனால் அப்போது பிறக்கும் சூடு, ஐந்தாறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அரை லிட்டரைக் கொடுத்துவிட்டு மிச்ச ஐந்து லிட்டரைக் கொடுக்காமல் விட்டால் அந்தச் சூடு எங்கே போகும்? கல்லிலேயே தங்கும். கல் பழுக்கும். அசிட்டிலீன் தானாகப் பற்றிக்கொள்ள 305 டிகிரி போதும், தீப்பெட்டியே வேண்டாம்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க எங்கள் ஆச்சி சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பானை நிறையத் தண்ணீரில் கல்லைப் போட்டால் களகளவென்று கொதித்து அடங்கிவிடும். தரையில் குவித்து, கையால் அள்ளித் தெளித்தாளோ, அது சீறும், வெடிக்கும், ஓரத்தில் கிடக்கும் வைக்கோலைக் கருக்கிவிடும். சீறுவது தண்ணீரின் மிகுதியால் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். உண்மையில் சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் போதாததால்தான் அந்தச் சீற்றம். அசிட்டிலீன் தொழிற்சாலைகளிலும் இதே சூத்திரம்தான். நீரில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும் முறையில் சூடு கட்டுக்குள் நிற்கும். கல்லின்மேல் நீரைச் சொட்டவிடும் முறையில் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காக்க வேண்டும்.

ஆக, இந்தக் கல்லுக்கு அடைமழையைவிடப் பொல்லாதது சாரல். ஆனி, ஆடியில் புளியரையிலிருந்து பாவூர்சத்திரம் வரை முகத்தில் பூப்போல விழுகிறதே, குற்றாலத்துக்கு ஊர் ஊராய் ஜனத்தைக் கூட்டிவருகிறதே, அதே சாரல்தான். கிழிந்த தார்ப்பாயின் ஓட்டை வழியே, துரு அரித்த டிரம்மின் மூடி இடுக்கு வழியே, அளந்து ஊற்றியதுபோல உள்ளே போகும். கடலில் முழுகிய பெட்டியின் சூட்டை வாங்கிக்கொள்ள ஒரு கடல் இருந்தது. ரோட்டோரம் கவிழ்ந்த டிரம்முக்கு அது கிடையாது.

‘அப்படியானால் நிறையத் தண்ணீரை அடித்துவிட்டால் ஆயிற்றே’ என்று ஓட்டுநர் மடக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். லாரியில் பத்து டன் கல் என்று வையுங்கள். சூட்டை வாங்கிக்கொள்ள மட்டும் ஐம்பது, அறுபதாயிரம் லிட்டர் வேண்டும். தீயணைப்பு வண்டி ஒன்று சுமந்து வருவது நாலைந்தாயிரம். அத்தனை வண்டிகளையும் வரவழைத்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும், சூடு அடங்குமே தவிர வாயு நிற்காது. முப்பது லட்சம் லிட்டர் அசிட்டிலீன் கிளம்பி மார்க்கெட்டுக்குள்ளும் கடைத்தெருவுக்குள்ளும் புகும். பீய்ச்சும் வேகத்தில் கல் சாக்கடைக்குள் உருண்டால் வாயு மூடிய கால்வாய்க்குள் தேங்கும். நுரையும் உதவாது, அதில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ சேர்ந்து வெளியிடும் அவசரகாலக் கையேட்டில் இந்த வகைச் சரக்குக்கு உரிய வழிகாட்டி 138-வது எண். கொட்டிக் கிடந்தால் சுற்றிலும் 25 மீட்டருக்கு ஆளை விலக்கு. காய்ந்த மண்ணோ மணலோ போட்டு மூடு. அதன்மேல் மழை படாமல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்து. சிறு தீ என்றால் உலர் பவுடர், சோடா சாம்பல், சுண்ணாம்பு, காய்ந்த மணல். லாரியே தீப்பிடித்துவிட்டால் சுற்றிலும் 800 மீட்டருக்குக் காலி செய்ய யோசி. பெருந்தீக்கு அது சொல்லும் இன்னொரு வழிதான் நம் ஊரில் கடைப்பிடிக்க மிகக் கஷ்டம்: பின்வாங்கி நின்று எரியவிடு.

நினைத்துப் பாருங்கள். வண்டி எரிகிறது. தீயணைப்பு வீரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ‘சம்பளம் வாங்கலியா, தண்ணிய அடிங்கய்யா’ என்று நூறு பேர் சத்தம் போடுவார்கள்; இருநூறு பேர் செல்போனில் படம் எடுப்பார்கள். சும்மா நிற்பதுதான் அங்கே வேலை என்று அந்த நேரத்தில் யார் எடுத்துச் சொல்வது? பாவூர்சத்திரத்தில் 800 மீட்டர் என்றால் ஊரில் பெரும்பாதி அதற்குள் அடங்கிவிடும். சீசன் நேரத்தில் காய்ந்த மணலுக்கு எங்கே போவது என்பது இன்னொரு தலைவலி. ஈர மணலைக் கொட்டினால் சாரல் செய்யும் வேலையை நாமே செய்ததாகும். தென்காசிச் சாலையோர ஊர்களிலாவது நாலு மூட்டைக் காய்ந்த மணலைக் கூரைக்கடியில் வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? லாரிக்காரர் கையில் எப்போதும் இருப்பது தார்ப்பாய். தீ இல்லாமல், கல் கொட்டி மட்டும் கிடந்தால், முதல் உதவி அதுதான்.

எரிவது என்ன சரக்கு என்று முதலில் தெரிய வேண்டுமே. 2015 ஆகஸ்ட் 12 அன்று சீனத்தின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கு வெடித்தபோது, இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 173 பேர். அதில் நூறு பேருக்கு மேல் தீயணைப்பு வீரர்கள். அங்கிருந்த கார்பைடில் தண்ணீர் அடித்ததுதான் காரணம் என்று முதலில் உலகமே பேசியது. விசாரணையில் தீ தொடங்கியது நைட்ரோசெல்லுலோஸில் என்றும், பெருவெடிப்பு அம்மோனியம் நைட்ரேட்டால் என்றும் தெரிந்தது. ஆனால் அன்று இரவு உள்ளே போனவர்களுக்கு எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

அதற்காகத்தான் நம் நாட்டிலும் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, இத்தகைய லாரிகளில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்கின்றன. கார்பைடுக்கு ஐ.நா. எண் 1402. நீல நிறச் சாய்சதுரத்தில் தீச்சுடரும் அடியில் 4 என்ற எண்ணும் போட்டிருந்தால், நனைந்தால் ஆபத்தான சரக்கு. தீயணைப்புக் குறியீடு 4 என்று தொடங்கினால் தண்ணீர் படக் கூடாது. சிவகாசிக்குப் போகும் சில வகை அலுமினியப் பவுடருக்கும், தானியக் கிடங்குக்குப் போகும் பூச்சிமருந்து மாத்திரைக்கும் இதே நீலம்தான். பலகையைச் சேறு மறைத்திருந்தால் கிளீனர் தம்பி இறங்கித் துடைக்கலாம். ரெண்டு நிமிட வேலை.

என் கோபமெல்லாம் பலகையே இல்லாத கல்லின்மேல்தான். பழுக்க வைக்கக் கார்பைடைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி 2011-லிருந்தே சொல்கிறது. அதற்கு முன்பிருந்த கலப்படத் தடை விதியும் அதைத்தான் சொன்னது. பழுக்க வைக்க அனுமதி பெற்ற எத்திலீன் வாயு அறை இருக்கிறது. ஆனாலும் வைக்கோலுக்கு நடுவே பொட்டலம் போகிறது. மாம்பழ லாரி கவிழ்ந்தால் தீயணைப்பு வீரருக்குத் தெரிவது மாம்பழம் மட்டும்தான். குழாயில் கார்பைட் போட்டு வெடிக்கும் துப்பாக்கியால் 2025 தீபாவளிக்குப் போபால் பக்கம் எத்தனை பிள்ளைகளின் கண் போனது! அந்தக் கல்லும் ஏதோ ஒரு வண்டியில் ஏறித்தானே வந்திருக்கும்?

ஓட்டுநருக்கு இன்னொன்று. இறக்கிவிட்டுத் திரும்பும் காலி டிரம் காலி இல்லை. அடியில் ஒட்டிய தூளும் உள்ளே தேங்கிய அசிட்டிலீனும் போதும், பழைய இரும்புக் கடையில் அதை கேஸ் கட்டரால் அறுக்கிறவரைத் தூக்கியெறிய. உளியையும் சுத்தியலையும் வைத்து மூடியைப் பெயர்ப்பதும் அப்படியே. இந்த ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் வேண்டும்: திறந்தவெளியில், பக்கத்தில் தீ எதுவும் இல்லாமல், டிரம் நிரம்பி வழியும்வரை.