அழைப்புக்குறி எனும் முகவரி

வானொலியில் பேசுவோருக்கு முகம் இல்லை. பெயர் மட்டுமே உண்டு. தனிமனிதர் ஒருவர் தம் இல்லத்தில் கருவி அமைத்துத் தொலைவில் உள்ளோருடன் உரையாடும் அமெச்சூர் வானொலியில் அப்பெயரே அழைப்புக்குறி எனப்படும்.

இதனை எவரும் தம் விருப்பப்படி சூட்டிக்கொள்ள இயலாது. ஒரு குறி ஒருவருக்கே உரியதாதல் வேண்டும். அதன்பொருட்டு அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தொடக்க எழுத்துகளை நாடுகளுக்குப் பங்கிட்டுள்ளது. பிரித்தானியர் ஆட்சியில் வி.எஸ்.7 என ஒலித்த இலங்கைக்கு, விடுதலைக்குப் பின்னர் 4பி முதல் 4எஸ் வரையிலான வரிசை உரியதாயிற்று. அதிலிருந்து பிறந்ததே 4எஸ்7 என்னும் முன்னொட்டு.

அதன் பின் இரண்டு எழுத்துகள் சேர்ந்தால் 676 குறிகள்; மூன்று எழுத்துகளாயின் 17,576. எனினும் அவை யாவும் வழங்கத்தக்கன அல்ல. எஸ்.ஓ.எஸ். போன்று ஆபத்து அறிவிப்புடன் மயங்கக்கூடியவை விலக்கப்படும். எஞ்சியவை தேர்வில் தேறி உரிமம் பெறுவோருக்கு உரியவை. 1996-இல் சட்டத்தால் நிறுவப்பட்ட தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவே இலங்கையில் அவ்வுரிமத்தை வழங்குகிறது.

இத்தகைய பெயரால் விளையும் பயனை ஆபத்துக் காலமே காட்டும். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின்போது அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொணர்ந்தோருள் அமெச்சூர் வானொலியாளரும் இருந்தனர். பேசுபவர் யார் என்பதைக் குறி உணர்த்துவதால், கேட்போர் செய்தியை நம்பிச் செயற்பட முடிகிறது.

மலைநாட்டில் இதன் தேவை மேலும் பெரிது. 2014 ஒக்டோபர் 29-இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. சரிவில் பாதையும் கம்பியும் அறுந்துபோகும் இடத்தில், வானின் அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலை மலைகளைத் தாண்டிச் செல்லும்.

மடுல்சீமை போன்ற தேயிலைப் பகுதிகளில் லயத்து மக்களின் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்து சேரும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வீட்டுக்கெனத் தனி முகவரி அரிது. அழைப்புக்குறியிலோ தோட்டமும் இல்லை, மாவட்டமும் இல்லை. கொழும்பில் உள்ளவருக்கும் மடுல்சீமையில் உள்ளவருக்கும் முன்னொட்டு ஒன்றே. தேர்வில் தேறும் தோட்டத்து இளைஞர் எவரும், உலகில் வேறொருவருக்கும் இல்லாத முகவரியைத் தம் பெயரில் பெறலாம்.