மண்ணில் மக்கும் நிலப்போர்வை

கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் தக்காளி, மிளகாய், தர்ப்பூசணி முதலியவற்றைச் சொட்டு நீரில் சாகுபடி செய்யும் குடியானவர்கள், பாத்தியின்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, அதில் துவாரமிட்டு நாற்று நடுவது இப்பொழுது சாதாரணமாகிவிட்டது. களை அடங்குவதும், ஈரம் காயாமல் தங்குவதும், ஆட்கூலி குறைவதும் இதன் அனுகூலங்கள். பிரதிகூலம் அறுவடைக்குப் பிறகே தெரிகிறது. தாள் பாலிதீனால் ஆனது. பாலிதீன் மண்ணில் மக்குவதில்லை என்றே சொல்லலாம். வெயிலில் நைந்த தாளைச் சுருட்டும்போது அது துண்டு துண்டாகக் கிழிந்து, புதைந்த ஓரங்கள் மண்ணிலேயே நின்றுவிடுகின்றன. சீனாவின் சிஞ்சியாங் பிரதேசத்தில் பருத்திக்கு வருஷந்தோறும் இவ்வாறு தாள் விரித்து வந்ததில், நிலத்தில் கந்தல் மிகுந்து வேர் ஓடுவதற்கும் நீர் இறங்குவதற்கும் இடையூறு ஏற்பட்டது. கிழியாமல் திரும்ப எடுக்கும் பொருட்டு, 10 மைக்ரானுக்குக் குறைந்த தாள் கூடாதென்று 2018-ல் அந்நாட்டில் தரவிதி அமுலுக்கு வந்தது.

இத்தொல்லைக்குப் பரிகாரமாக, உழுது மடக்கினால் மண்ணோடு மண்ணாகும் என்று சொல்லப்படும் தாள்கள் விலைக்கு வருகின்றன. "மக்கும்" என்ற பெயர் ஒன்றாயினும் சரக்கு ஒன்றல்ல. சில தாள்கள் பாலிதீனில் உலோக உப்புக்களைக் கலந்து செய்யப்பட்டவை. இவை வெயிலில் பொடியாக உதிருமேயன்றி நுண்ணுயிர்களுக்கு எளிதில் உணவாவதில்லை. ஐரோப்பிய யூனியன் நாடுகளில் இவ்வகைச் சரக்குகளின் விற்பனை 2021 ஜூலை முதல் தடுக்கப்பட்டுவிட்டது. இவற்றை மக்கும் தாள் என்று சொல்லி விற்பது ஏமாற்று என்றே கொள்ளவேண்டும்.

மக்காச்சோளம் முதலியவற்றின் சர்க்கரையிலிருந்து செய்யும் பாலிலாக்டிக் அமிலத் தாள் வேறு விதம். சுமார் 58 டிகிரி செல்ஷியஸ் உஷ்ணமுள்ள கம்போஸ்டு குவியலில் அது நன்கு சிதையும். வேர் ஓடும் ஆழத்தில் அவ்வளவு உஷ்ணம் கிடையாதாகையால், வயலில் நெடுநாள் நிற்கும். வயலுக்கு ஓரளவு ஏற்றது பி.பி.ஏ.டி. என்னும் மெழுக்கான பிளாஸ்டிக்கோடு மாச்சத்தைக் கலந்து செய்யும் தாளே. இந்தப் பி.பி.ஏ.டி. பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஒரு பொருள் எதிலிருந்து பிறந்தது என்பது வேறு, அது மக்குமா என்பது வேறு.

ஆகவே முத்திரையை மட்டும் நம்புவது போதாது. நம் நாட்டில் கம்போஸ்டாகும் பிளாஸ்டிக்குக்கு விதிக்கப்பட்ட ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 என்ற தரம், குவியலின் நிலைமையைக் குறித்ததேயன்றி வயல் மண்ணைக் குறித்ததல்ல. 2018-ல் வெளியான ஐரோப்பியத் தரமாகிய இ.என். 17033-ன்படி, 25 டிகிரி உஷ்ணமுள்ள மண்ணில் 2 வருஷத்திற்குள் தாளிலுள்ள கரியில் நூற்றுக்கு 90 பங்கு கரியமில வாயுவாக மாறவேண்டும். வாங்குகிறவர் கேட்க வேண்டியது இந்தச் சான்றையே.

இனி, மக்கும் தாளால் பயிருக்குத் தீங்கு உண்டா? நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட தொட்டிப் பரீட்சையில், மண்ணில் நூற்றுக்கு 1 பங்கு தாள் துணுக்குகள் கலந்து கோதுமை பயிரிடப்பட்டது. பாலிதீனைவிட மாச்சத்துக் கலந்த மக்கும் தாளே பயிரின் வளர்ச்சியை அதிகமாகக் குன்றச் செய்தது. மண்புழு இருந்த தொட்டிகளில் கெடுதல் பெரும்பாலும் தணிந்தது.

மக்கும் பொருள் ஏன் கெடுக்க வேண்டும் என்று தோன்றலாம். அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று குடியானவர்களுக்குப் புதிதன்று. காய்ந்த வைக்கோலை மடக்கி உழுது உடனே நட்டால் பயிர் வெளிறும். நுண்ணுயிர்கள் வைக்கோலின் கரியைத் தின்று பெருகும்போது, தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்வதே காரணம். மேற்சொன்ன பிளாஸ்டிக்கிலோ கரி மிகுதி. தழைச்சத்து அறவே இல்லை.

ஆனால் அளவைக் கவனிக்காமல் அஞ்சுவதும் சரியன்று. ஓர் ஏக்கரில் பாதிப் பரப்பை 15 மைக்ரான் தாளால் மூடினால், தாளின் எடை சுமார் 40 கிலோ. ஏக்கரில் அரை அடி ஆழத்து மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. நூற்றுக்கு 1 பங்கு என்றால் 9,000 கிலோ. அதாவது ஒரு போகத்துத் தாளைப்போல் 200 மடங்குக்கும் மேல். ஒரு தடவை மடக்கிய தாளால் பயிர் கெட்டுவிடாது. மக்க 2 வருஷம் பிடிக்கும் தாளை வருஷத்துக்கு இரண்டு போகம் மடக்கினால்தான், பழையது தீருமுன் புதியது சேர்ந்துகொண்டே போகும். ஈரம் நீடிக்காத மண்ணில் மக்குவது இன்னும் தாமதமாகும்.

ஒரே அளவாக வெட்டிய தாள் துண்டுகளை மெல்லிய நைலான் வலைப் பைகளில் இட்டு, நீர் பாயும் பாத்தியிலும் வறண்ட மூலையிலும் அரை அடி ஆழத்தில் புதைத்து, அறுவடைதோறும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். துண்டு மறைந்ததை மட்டும் கொண்டு அது பூரணமாக மக்கியதென்று தீர்மானிக்க முடியாது. மறையாமல் நின்றால் மக்கவில்லை என்பது நிச்சயம். அத்தகைய தாளைப் பாலிதீனைப் போலவே சுருட்டி வெளியேற்றுதல் வேண்டும். கரும்புத் தோகை கிடைக்குமிடங்களில் அதை எரிக்காமல் வரிசைகளுக்கிடையே கனமாகப் பரப்பினால் களையும் அடங்கும், ஈரமும் தங்கும். கறையான் உள்ள நிலத்தில் மட்டும் அடிக்கடி கிளறிப் பார்த்துக்கொள்ளவேண்டும்.