அலியை நாக் அவுட் செய்த கம்ப்யூட்டர்... வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களை ஒப்பிட முடியுமா?

முகமது அலியும் மைக் டைசனும் முழு ஃபார்மில் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? குத்துச்சண்டை ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. இந்த மாதிரி சண்டைக்கு கம்ப்யூட்டரை வைத்தே தீர்ப்பு சொல்லப் பார்த்தார்கள். அதுவும் இப்போ இல்லை, 1960களிலேயே!

அலிக்கு என்ன கோபம்?

1967-ல் முர்ரே வோரோனர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர், பல காலத்து சாம்பியன்களின் விவரங்களை கம்ப்யூட்டரில் ஏற்றி, கற்பனைப் போட்டித் தொடர் ஒன்றை ரேடியோவில் ஒலிபரப்பினார். அதில் அலி, 1905-லேயே ஓய்வு பெற்ற ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றுவிட்டதாக அறிவிப்பு. கடுப்பான அலி 10 லட்சம் டாலர் கேட்டு வழக்கு போட்டார்.

கோபத்தில் நியாயம் இருந்தது. வியட்நாம் போர் நேரத்தில் ராணுவத்தில் சேர மறுத்ததால் அதே 1967-ல் அவரது பட்டம் பறிக்கப்பட்டிருந்தது. ரிங்கில் ஏறி பதில் சொல்லவும் வழி இல்லை. இந்த நிலைமையில் ஒரு மெஷின் வேறு அவரைத் தோற்கடித்தது.

கடைசியில் சமரசம். 1969-ல் ராக்கி மார்சியானோவுடன் கேமரா முன்பு 'மோத' அலி சம்மதித்தார். மார்சியானோவுக்கு அப்போது 45 வயது. எடையைக் குறைத்து, தலைக்கு விக் வைத்துக்கொண்டு வந்தார். பலவிதமான முடிவுகளைப் படம்பிடித்தார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்க தியேட்டர்களில் ஓடிய படத்தில், 13-வது ரவுண்டில் அலி நாக் அவுட். ஐரோப்பாவில் காட்டியதிலோ அலிக்கு வெற்றி! கம்ப்யூட்டர் ஒன்றுதான், ஊருக்கு ஒரு தீர்ப்பு. இதை எதையும் மார்சியானோ பார்க்கவில்லை. 1969 ஆகஸ்ட் 31 அன்றே விமான விபத்தில் இறந்துவிட்டார்.

49-0 என்றால் முதலிடமா?

மார்சியானோ ரசிகர்கள் முதலில் எடுத்துப் போடும் நம்பர் இதுதான். 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக் அவுட். தோல்வியே இல்லாமல் 1956-ல் ஓய்வு.

ஆனா, அந்த 49-ல் ஒன்று ஜோ லூயிஸுக்கு எதிரான வெற்றி. 1937 முதல் 1949 வரை சாம்பியனாக இருந்து, 25 முறை பட்டத்தைத் தக்கவைத்தவர் லூயிஸ். 1951-ல் மார்சியானோ அவரை 8-வது ரவுண்டில் சாய்த்தபோது லூயிஸுக்கு வயது 37. ஆசைக்காக அவர் திரும்பி வரவில்லை, வரி பாக்கி கழுத்தை நெரித்தது. போர்க்காலத்தில் இரண்டு சண்டைகளின் வருமானத்தை ராணுவ நிவாரண நிதிக்குக் கொடுத்தவர் அவர். ரெக்கார்டு புக்கில் இது மார்சியானோவுக்கு இன்னொரு 'நாக் அவுட்', அவ்வளவுதான். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில் இருக்கும் சிக்கல் இது.

உடம்பே வேற!

மார்சியானோவின் எடை சுமார் 85 கிலோ. இன்று ஹெவிவெயிட் என்றால் 90.7 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். அதாவது இப்போது அவர் க்ரூஸர்வெயிட் வீரர். 2024 மே மாதம் சவுதியில் களமிறங்கிய டைசன் ஃப்யூரி கிட்டத்தட்ட 119 கிலோ, உயரம் 6 அடி 9 அங்குலம்.

அப்போ இன்றைய வீரர்கள்தான் ஜெயிப்பார்களா? அதையும் அடித்துச் சொல்ல முடியாது. அந்தச் சண்டையில் ஃப்யூரியை வென்ற ஒலெக்ஸாண்டர் உசிக், அவரைவிட 17 கிலோ குறைவு. அவரே முன்னாள் க்ரூஸர்வெயிட் சாம்பியன்தான். விதிகளும் மாறிவிட்டன. அலி காலத்துப் பட்டப் போட்டிகள் 15 ரவுண்டு, இப்போது 12. பழைய ஆட்களுக்கு கடைசி மூன்று ரவுண்டுதான் பலம். அதை எடுத்துவிட்டு ஒப்பிட்டால் எப்படி?

ஃபோர்மேன் என்ற பாலம்

இரண்டு காலத்திலும் சண்டை போட்ட ஒரே ஆளை வைத்து அளக்கலாம் என்றால், அதற்குப் பொருத்தமானவர் ஜார்ஜ் ஃபோர்மேன். அலியைத் தோற்கடித்த ஜோ ஃப்ரேசியரை 1973-ல் இரண்டே ரவுண்டில் ஆறு முறை கீழே தள்ளினார். அலியின் தாடையை உடைத்த கென் நார்டனையும் 1974-ல் இரண்டு ரவுண்டில் முடித்தார். கணக்குப்படி அடுத்து அலியும் காலி ஆகியிருக்கணும். ஆனா அதே ஆண்டு கின்ஷாசாவில், 8-வது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மேன். 'அவரை இவர் அடித்தார், அதனால் இவர் பெரியவர்' என்ற லாஜிக் இந்த விளையாட்டில் வேலை செய்யாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதே ஃபோர்மேன் 42 வயதில், 28 வயது இவாண்டர் ஹோலிஃபீல்டுடன் 12 ரவுண்டும் நின்று பாயின்ட்ஸில்தான் தோற்றார். 45 வயதில் மைக்கேல் மூரரை நாக் அவுட் செய்து மறுபடியும் சாம்பியன் ஆனார். ஹோலிஃபீல்டோ, 1996-ல் டைசனையே 11-வது ரவுண்டில் நிறுத்தியவர். 1970களின் ஆட்கள் 90களில் தாங்கியிருக்க மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு இதற்குப் பதில் இருக்காது.

அப்போ யார்தான் பெஸ்ட்? நேருக்கு நேர் மோதினால் யார் என்பது ஒரு கேள்வி, தன் காலத்தில் யார் யாரை வென்றார் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு எங்கள் ஓட்டு அலிக்குத்தான். லிஸ்டன், ஃப்ரேசியர், ஃபோர்மேன் என்று ஒரே ஆள் வரிசையாக ஜெயித்த பட்டியல் வேறு யாரிடமும் இல்லை. அதுவும் நல்ல வயதில் மூன்றரை வருடம் சும்மா உட்கார்ந்துவிட்டு. நீண்ட ஆதிக்கம் முக்கியம் என்பவர்கள் லூயிஸைச் சொல்லலாம், தப்பில்லை. உச்சத்தில் டைசன் பயங்கரம்தான், ஆனா 1990 டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் விழுந்தது கணக்கில் வரும்.

கம்ப்யூட்டர் ஆசை மட்டும் இன்னும் விடவில்லை. 2024 டிசம்பரில் நடந்த உசிக் - ஃப்யூரி மறுசண்டையில் சோதனைக்காக ஒரு ஏஐ நடுவரும் இருந்தது. உசிக்தான் ஜெயித்தார் என்று அதுவும் சொன்னது. இந்த முறை சண்டை நிஜமாகவே நடந்திருந்தது.