லாகிரி நோயும் காளான் மருந்தும்

அபின் முதலிய மயக்க வஸ்துக்களுக்கு அடிமைப்பட்டோர்க்கு மெத்தடோன் போன்ற மாற்று மருந்துகள் உள. ஊக்க வஸ்துவாகிய கொக்கேனுக்கு அடிமைப்பட்டோர்க்கோ, அமெரிக்க அரசாங்கம் அங்கீகரித்த மருந்து ஒன்றேனும் இல்லை. 1884-ஆம் ஆண்டில் வியன்னா நகர வைத்தியராகிய பிராய்டு, இக்கொக்கேனையே மார்பின் பழக்கத்தை ஒழிக்கும் ஔஷதமெனப் புகழ்ந்தெழுதினார். மருந்தெனப் புகுந்தது நோயாய் முடிந்த அக்கதையை நினைவிற்கொண்டே, இக்காலத்துப் புது மருந்தொன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மெக்ஸிகோ தேசத்து மசாட்டெக் மக்கள் தம் சடங்குகளில் உண்டுவந்த காளானினின்று, ஸ்விட்ஸர்லாந்து ரசாயன சாஸ்திரியாகிய ஆல்பர்ட் ஹாப்மன் 1958-இல் பிரித்தெடுத்தது ஸைலோஸைபின். அஃது உடலிற் சென்று ஸைலோஸினாக மாறி, மூளையில் செரட்டோனின் பற்றும் இடங்களிற் சிலவற்றைப் பற்றுகின்றது. ஐந்தாறு மணி நேரம் காட்சியும், எண்ணமும், ‘நான்’ என்னும் உணர்வுங்கூட வேறுபடும்.

பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில், புகையிலையை விடவியலாத 15 பேருக்கு இது கொடுக்கப்பட்டது. நிக்கோட்டினும் ஊக்க வஸ்துவே யன்றோ! மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்களென்று எண்ணலாகாது. நான்கு வாரம் நோயாளியோடு பேசி, அவர் வாழ்க்கையையும் அச்சத்தையும் அறிந்து, புகையை விடும் நாளைக் குறித்தனர். அந்நாளில் அவர் கண்ணை மறைத்துச் சங்கீதங் கேட்டுப் படுத்திருக்க, வழிகாட்டிகள் அருகிருந்தனர். பின்னர்த் தாம் கண்டவற்றைப் பற்றிப் பேசுவித்தனர். ஆறு திங்களுக்குப் பின், மூச்சையும் சிறுநீரையும் சோதித்தபோது, 12 பேர் புகையாதிருந்தனர். இது 2014-இல் வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் எஞ்சியோர் 10 பேர்.

எனினும் இவ்வாராய்ச்சியில் ஒப்பிடுதற்கு வேறு குழு இல்லை. கொக்கேன் நோயாளரிடத்து இதனைச் சோதித்த அலபாமா அறிஞர் அக்குறையை நீக்க, ஒவ்வாமைக்குக் கொடுக்கும் டைபென்ஹைட்ரமீனை மற்றொரு சாராருக்கு அளித்தனர். ஆயினும் வண்ணங்கள் சுழலக் காண்பவனுக்குத் தான் உண்டது யாதென்று சொல்லவும் வேண்டுமோ? இக்குறை எளிதில் தீர்வதன்று. மேலும் இம்மருந்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். கொக்கேனால் இருதயம் நைந்தோர்க்கு அஃது அபாயம். சித்தப்பிரமை வழிவழி வரும் குடும்பத்தாரை ஆராய்ச்சியாளர் சேர்ப்பதில்லை.

இதற்கிடையே, கொக்கேனை விடுதற்கு நன்கு நிரூபிக்கப்பட்ட முறை மிக எளியது: சிறுநீர்ச் சோதனையில் தூயரென்று தெரிந்தவர்க்குச் சிறு பரிசுச் சீட்டு அளித்தல். விந்தைக் காட்சி ஏதுமின்மையாற் போலும், பத்திரிகைகள் இதனைப் பெரிதும் பேசுவதில்லை.