மஞ்சள் வண்டி கற்பித்த பாடம்

ஹௌரா நிலையத்தை விட்டு வெளியே வந்த தமிழ்க் குடும்பங்களை நெடுங்காலம் வரவேற்றது மஞ்சள் அம்பாஸிடர் டாக்ஸியே. 1996-இல் நம் தந்தையார் நம்மைக் கல்கத்தாவுக்கு அழைத்து வந்த அன்றும், அத்தகைய வண்டியில்தான் பாலத்தைக் கடந்து லேக் மார்க்கெட் வந்து சேர்ந்தோம். தந்தையார் இன்று இல்லை. அவர் பணி புரிந்த ரயில்வேயிலேயே நாம் குமாஸ்தாவாக இருக்கிறோம்.

அந்த வண்டிகளும் விடைபெற்று வருகின்றன. உத்தர்பாராவில் 1958 முதல் உருவான அம்பாஸிடரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. 15 ஆண்டு கடந்த வாடகை வண்டிகளை நகரச் சாலையிலிருந்து விலக்க வேண்டுமென்று 2008-இல் உயர்நீதிமன்றமும் ஆணையிட்டது. எஞ்சியவை மறையுமுன் ஒன்றையேனும் படமாக எழுதித் தாயாரிடம் அளிக்க வேண்டும் என்னும் ஆவல் நமக்கு உண்டாயிற்று.

இதற்கு அக்ரிலிக் வர்ணத்தைத் தேர்ந்துகொண்டோம். அது நீரில் கரையும்; காய்ந்த பின் நீர் பட்டாலும் அழியாது. டர்ப்பன்டைன் நெடி இல்லாமையால் ஒற்றை அறை வீட்டுக்கும் ஏற்றது. ஆனால் மின்விசிறிக் காற்றில் சில நிமிஷங்களிலேயே உலர்ந்துவிடும். தட்டில் ஈரத்துணி விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் இட்டு வர்ணத்தை வைத்தால் நெடுநேரம் இளக்கமாக இருக்கும்.

இரண்டு மாதம் பாடுபட்டு முடித்த படத்தை, ஞாயிறுதோறும் ரவீந்திர சரோவர்க் கரையில் கூடும் ஓவிய அன்பர்களிடம் கொண்டுசென்றோம். புகழுரையை எதிர்பார்த்தோம் என்பதை மறைப்பானேன்? விளம்பரப் பலகை எழுதி முதிர்ந்த வங்காளிப் பெரியவர் ஒருவர் உற்றுப் பார்த்து, "தம்பி, வண்டி அந்தரத்தில் மிதக்கிறதே!" என்றார். "பக்கவாட்டில் திரும்பி நிற்கும் வண்டிக்குச் சக்கரம் மட்டும் முழுவட்டமாக இருப்பது எப்படி?" என்றார் இன்னொருவர். மஞ்சளின் நிழல் ஏன் பாசி பிடித்ததுபோல் இருக்கிறது என்று வினவினாள் கல்லூரி மாணவி ஒருத்தி.

மனம் சுருங்கிற்று. இரண்டு வாரம் அப்பக்கம் போகவில்லை. பின்னர் ஒருநாள் அலுவலகத்தில் நாம் போட்ட கூட்டலில் பிழை இருப்பதைச் சக குமாஸ்தா காட்டியபோது, அவருக்கு நன்றி கூறினோம். கணக்கில் ஏற்கும் திருத்தத்தைக் கலையில் ஏற்க ஏன் கூசவேண்டும் என்று தோன்றியது. படத்துடன் மீண்டும் சென்றோம்.

மஞ்சளோடு கறுப்பைச் சேர்த்தால் பச்சை சாயும் என்பதை அன்றுதான் அறிந்தோம். காவி மஞ்சளும் செம்பழுப்பும் கலந்து, ஊதாவை ஒரு துளி சேர்த்தால் நிழல் சரியாக விழும். மஞ்சள் அடியிலுள்ளதை மறைக்காது. ஆதலால் முதலில் வெள்ளைப் பூச்சு வேண்டும். பளபளக்கும் பம்பருக்கு வெள்ளி வர்ணம் தேவையில்லை. மேற்பாதியில் வானத்தையும் கீழ்ப்பாதியில் தரையையும் எழுதினால் அது தானே உலோகமாகிவிடும். சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் படத்திலேயே மிகக் கரிய நிழலை இட்டதும், மிதந்த வண்டி தரையில் அமர்ந்தது. பெரியவர் தலையசைத்தார்; அதுவே நமக்குப் பரிசு.

திருத்திய படத்தைத் தாயாரிடம் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "எல்லாம் சரிதானப்பா. மேலே நம் தகரப் பெட்டி எங்கே? உங்கள் அப்பா அதைக் கயிறு போட்டுக் கட்ட எவ்வளவு நேரம் நின்றார்!" என்றார். ஓவியர் எவரும் காணாத குறை அது. அன்றிரவே பெட்டியை எழுதினோம், கயிற்றையும் எழுதினோம்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் யாரேனும் மறைவாகப் படம் எழுதிக்கொண்டிருக்கலாம். அதைப் பிறர் கண்ணுக்குக் காட்டச் சொல்லுங்கள். குறை சொல்ல நாலு பேர் கிடைப்பது, வந்த ஊரில் நமக்கு வாய்த்த பெரும் பேறு.